பொதுமுற்றத்தின் வரலாறு: ஃபூஜியன் துலோக்களும் கூட்டுப் புழக்கமும்

சீனாவின் தென்கிழக்கில் உள்ள ஃபூஜியன் மாகாணத்தின் மேற்கு மலைப்பகுதியில் துலோ எனப்படும் மண்கோட்டை வீடுகள் நிற்கின்றன. வட்டமாகவோ சதுரமாகவோ எழுப்பிய தடித்த மண்சுவர். அதன் உட்புறத்தை ஒட்டி மூன்று, நான்கு அடுக்கு மரவீடுகள். நடுவே வானம் பார்த்த முற்றம். உள்ளே நுழையப் பெரும்பாலும் ஒரே வாயில். ஒரு குலத்தின் பங்காளிகள் அனைவரும், பெரிய கட்டடங்களில் 800 பேர் வரை, ஒன்றாகக் குடியிருந்தார்கள். 2008இல் யுனெஸ்கோ இவற்றில் 46 கட்டடங்களை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. துலோக்களின் வடிவத்தைப் பற்றியும் அரண்தன்மையைப் பற்றியும் அதற்கு முன்னும் பின்னும் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். இக்கட்டுரையின் கேள்வி வேறு. இத்தனை குடும்பங்களுக்குப் பொதுவான ஒரு கட்டடத்தை நூற்றாண்டுக் கணக்கில் பழுதுபார்த்தவர்கள் யார்? எந்தப் பணத்தில் பழுதுபார்த்தார்கள்? அந்த ஏற்பாடு எப்போது அற்றுப்போனது? இன்று குழுவாக வந்து தங்குவோரைக் கொண்டு அதை மீட்க முடியுமா?

துலோவைக் காப்பதென்றால் சுவரைக் காப்பது என்றே பலரும் எண்ணுகிறார்கள். வரலாற்றைப் பின்தொடர்ந்தால் வேறொன்று தெரிகிறது. துலோவில் முதலில் சிதைவது சுவரன்று. வாயில், முற்றம், கிணறு, நடை, முன்னோர் மண்டபம் என எவருக்கும் தனியாகச் சொந்தமில்லாத பகுதிகளின் மீதான அக்கறை. அது போன பின்னரே கூரை ஒழுகுகிறது, சுவர் கரைகிறது.

கொள்ளையர் காலம்

துலோக்களின் தோற்றத்துக்கு நெடுநாளாக ஒரு விளக்கம் வழங்கிவந்தது. போராலும் பஞ்சத்தாலும் வட சீனத்திலிருந்து அலை அலையாகத் தெற்கே பெயர்ந்த ஹக்கா மக்கள், புதிய மண்ணில் பகைவர் நடுவே வாழ இவற்றைக் கட்டினார்கள் என்பது அது. லோ சியாங்லின் 1933இல் வெளியிட்ட ஹக்கா ஆய்வு இந்த இடப்பெயர்ச்சியை ஐந்து கட்டங்களாக வகுத்தது. பின்வந்தோர் துலோவை அந்தக் கதையோடு சேர்த்துக்கொண்டார்கள்.

கட்டடங்களில் பொறித்த ஆண்டுகளைத் தேடிச் சென்றவர்களுக்குக் கிடைத்த சித்திரம் இவ்வளவு நேரானதாக இல்லை. 1980களிலிருந்து இவற்றை அளந்து ஆராய்ந்த ஃபூஜியன் கட்டடக் கலைஞர் ஹுவாங் ஹான்மின், ஆண்டு தெளிவாகப் பொறித்த பழைய துலோக்கள் கடற்கரைக்கு அருகே, மின்னான் மொழி பேசுவோர் வாழும் ஜாங்ஜோ வட்டாரத்தில் இருப்பதைச் சுட்டிக்காட்டினார். ஜாங்பு மாவட்டத்து யீதே லோ 1558ஐச் சேர்ந்தது. ஹுவா-ஆன் மாவட்டத்து ஷெங்பிங் லோ 1601ஐச் சேர்ந்தது. குல வரலாறுகள் சொல்லும் ஆண்டுகள் இன்னும் பழையவை. யோங்திங் பகுதியின் ஜிச்சிங் லோவுக்கு 1419 என்றும், நான்ஜிங் மாவட்டத்து யூச்சாங் லோவுக்கு 1308 என்றும் சொல்கிறார்கள். (இந்த நான்ஜிங் ஃபூஜியனில் உள்ள ஒரு மலை மாவட்டம், யாங்சி ஆற்றங்கரைப் பெருநகரம் வேறு.)

எனக்கு முக்கியமாகப் படும் சான்று 1573இல் தொகுக்கப்பட்ட ஜாங்ஜோ கோட்டத்தின் ஆவண நூல். முன்பெல்லாம் அங்கே மண்கோட்டைகள் குறைவாகவே இருந்தன என்றும், 1561 வாக்கில் தொடங்கிக் கொள்ளையர் தொல்லை பெருகியதால் குடிமக்கள் ஒன்றுகூடி மண்மதில்களையும் துலோக்களையும் எழுப்புவது நாளுக்கு நாள் அதிகமானது என்றும் அந்நூல் பதிவுசெய்கிறது. கடற்கொள்ளையர் ஃபூஜியன் கரையைச் சூறையாடிய காலம் அது. இந்தப் பதிவில் அரசு கட்டியதாகச் செய்தி இல்லை, கட்டியவர்கள் ஊரார். ஆகவே துலோ முதன்முதலில் ஒரு கூட்டு முடிவு. தனிக்குடும்பத்தால் கட்ட முடியாததை, கட்டினாலும் காவல் காக்க முடியாததைச் சேர்ந்து கட்டினார்கள். ஹக்காவா மின்னானா என்ற சர்ச்சையைவிட இந்தக் கூட்டு முடிவே பிற்கால வரலாற்றை விளக்க உதவுகிறது.

மண்ணும் நீரும்

சுவர் கட்டும் முறையைச் சற்று விரிவாகப் பார்க்க வேண்டும். பராமரிப்பின் தேவை முழுவதும் அதிலேயே அடங்கியிருக்கிறது. ஆற்றுக்கற்களால் அடித்தளம் போட்டு, அதன்மேல் பலகைச் சட்டத்துக்குள் செம்மண்ணும் மணலும் கலந்த கலவையைக் கொட்டி, நீண்ட மரக்கோலால் இடித்து இறுக்குவார்கள். இடையிடையே மூங்கில் சிம்புகளும் மரக்குச்சிகளும் படுக்கையாக வைக்கப்படும். உறுதி வேண்டிய இடங்களில் சுண்ணாம்பும், ஒட்டரிசிக் கஞ்சியும், பழுப்புச் சர்க்கரையும் சேர்ந்தன. சுண்ணாம்புக் கலவையில் கடுக்காயும் வெல்லமும் கலந்த நம் கொத்தனார்களுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். சுவர் அடியில் ஒன்றரை மீட்டரையும் தாண்டித் தடித்து, மேலே போகப்போக மெலியும்.

இவ்வளவு வலிய சுவருக்கு ஒரே பகை நீர். அதனால்தான் துலோவின் கூரை சுவருக்கு வெளியே வெகுதூரம் நீண்டு தாழ்கிறது. ஓடு ஒன்று நகர்ந்தால் மழைநீர் சுவரின் உச்சியில் இறங்கும். உச்சியில் இறங்கிய நீர் ஓரிரு மழைக்காலத்தில் சுவரைப் பிளந்துவிடும். ஓட்டைப் புரட்டி அடுக்குவது, வடிகாலைத் தூர்வாருவது, உளுத்த உத்திரத்தை மாற்றுவது ஆகிய மூன்றும் காலந்தவறாமல் நடந்தால் மண்சுவர் தானாக விழாது. அடுப்புப் புகை மரத்தைப் பூச்சி அரிக்காமல் காக்கிறது என்று அங்கே வாழ்ந்தவர்கள் சொல்வதும் இதே வகைப்பட்டது. ஆள் புழங்கினால் ஒழுகும் இடம் அன்றே தெரியும். பூட்டிய அறையில் அது சுவர் சரிந்த பிறகுதான் தெரியவரும்.

யோங்திங்கின் ஹுவான்ஜி லோவில் 1918ஆம் ஆண்டு நிலநடுக்கத்தின்போது சுவரில் அகன்ற விரிசல் விழுந்தது. அது பின்னர் மெல்ல ஒடுங்கிவிட்டதாக ஊரார் கூறுவர். அந்த விரிசலைப் பொறியியலாளர்களும் ஆராய்ந்திருக்கிறார்கள். தானாக மூடிக்கொண்டதோ இல்லையோ, விரிசல் கண்ட பின்னும் மக்கள் அங்கே வாழ்ந்து, கூரையைக் காத்துவந்ததால்தான் சுவர் இன்றும் நிற்கிறது என்பது என் கருத்து.

எது யாருக்குச் சொந்தம்

ஹக்கா பகுதியின் வட்டத் துலோவை மேலிருந்து கீழாக வெட்டிப் பங்கிட்டார்கள். ஒரு குடும்பத்துக்குத் தரைத்தளத்தில் அடுக்களை, அதற்கு நேர்மேலே தானியக் களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கையறைகள். அறைகள் அனைத்தும் ஏறத்தாழ ஒரே அளவு. குலத்தலைவருக்கென்று பெரிய அறை கிடையாது. ஆனால் தன் அடுக்களையிலிருந்து தன் படுக்கையறைக்குப் போக வேண்டுமானால்கூடப் பொதுப் படிக்கட்டில் ஏறி, மற்றவர் வாசல்களைக் கடந்து, பொது நடையில் நடந்தாக வேண்டும்.

இந்த அமைப்பின் உச்சம் காவ்பெய் ஊரின் செங்ச்சி லோ. ஜியாங் குலத்தார் 1709இல் முடித்த இந்தக் கட்டடம் ஒன்றுக்குள் ஒன்றான நான்கு வளையங்களால் ஆனது. வெளிவளையம் நான்கு அடுக்கு. அடுக்குக்கு 72 அறைகள். அடுத்தது இரண்டு அடுக்கு; அடுக்குக்கு 40 அறைகள். மூன்றாவது வளையம் ஒற்றை அடுக்கில் 32 அறைகள். பிள்ளைகள் படிக்கவும் விருந்தினரைத் தங்கவைக்கவும் ஆனவை. நட்டநடுவே முன்னோர் மண்டபம். 600 பேருக்கு மேல் வாழ்ந்த இக்கட்டடத்தில் வெளியிலிருந்து உள்ளே வரவரத் தனிமை குறைந்து பொதுமை கூடுகிறது. திருமணமும் இறுதிச் சடங்கும் மண்டபத்தில். நெல்லும் புகையிலையும் காய்வது முற்றத்தில். கல்யாணத்துக்கு வந்த உறவினர் கூட்டம் கலைந்து போகும் வரை யார் யார் அறையில் படுப்பது என்பது பங்காளிகள் பேசி முடிவுசெய்யும் விஷயம். குழுவாக வந்து தங்குவோர் துலோவுக்குப் புதியவர்கள் அல்லர். அவர்களுக்காகவும் சேர்த்தே அது கட்டப்பட்டது.

மின்னான் பகுதியின் வழக்கம் வேறு. ஹுவா-ஆனின் தாதி ஊரில் 18ஆம் நூற்றாண்டில் எழுந்த எர்யீ லோவின் விட்டம் 73 மீட்டருக்கு மேல். அங்கே வளையம் செங்குத்தான தனித்தனி வீடுகளாகத் தடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தப் படிக்கட்டு உண்டு. பொதுவாக விடப்பட்டது முற்றமும், உச்சித் தளத்தில் வெளிச்சுவரை ஒட்டி ஓடும் மறைநடையும். எதிரி வந்தால் எல்லா வீட்டாரும் ஓடிவந்து நிற்பதற்கான நடை அது. இந்த இரு வகைகளின் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. இன்று யாரைத் தங்கவைக்கலாம், எப்படித் தங்கவைக்கலாம் என்ற பேச்சு எழும்போது பலர் மறப்பது இதைத்தான்.

குலநிலமும் கடல்கடந்த பணமும்

பொதுப் பகுதியைப் பழுதுபார்க்கப் பணம் எங்கிருந்து வந்தது? குலநிலத்திலிருந்து. பங்காளிகள் பாகம் பிரிக்கும்போது ஒரு பகுதி வயலை முன்னோர் பெயரில் ஒதுக்கிவைப்பது தென்சீனக் குலங்களின் வழக்கம். அதன் குத்தகை வருவாயில் முன்னோர் வழிபாடு நடக்கும். கெட்டிக்காரப் பிள்ளைகளின் படிப்புக்கு உதவி கிடைக்கும். மண்டபமும் கூரையும் பழுதுபார்க்கப்படும். இது சிறு தொகை அன்று. 1930இல் மாவோ சேதுங் நேரில் இருந்து விசாரித்து எழுதிய ஷுன்வூ அறிக்கை, ஃபூஜியனை ஒட்டிய அந்த ஜியாங்சி மாகாண ஹக்கா மாவட்டத்தில் விளைநிலத்தின் 40 விழுக்காடு பொது அமைப்புகளிடம் இருந்ததாகவும், முன்னோர் பெயரிலான நிலம் மட்டும் மொத்தத்தில் 24 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. அந்த நிலத்தின் குத்தகையை ஏழை விவசாயிகள் சுமந்தார்கள் என்பதும், அதை ஆண்டவர்கள் பெரும்பாலும் குலத்தின் வலியவர்கள் என்பதும் அதே அறிக்கையில் உண்டு. பழைய ஏற்பாட்டைப் பொற்காலமாக்கிப் பேச இங்கே இடமில்லை. ஆயினும் கட்டடத்தைப் பொறுத்தவரை குலநிலமே அதன் பராமரிப்பு நிதியாக இருந்தது.

18ஆம் நூற்றாண்டு முதல் இந்த நிதியோடு புகையிலைப் பணமும் சேர்ந்தது. யோங்திங்கின் நறுக்குப் புகையிலை சீனா முழுவதும் விற்றது. ஹோங்கெங் ஊரின் லின் குலத்தார் புகையிலை நறுக்கும் கத்தி செய்து விற்ற செல்வத்தில் எழுந்தது 1912இல் கட்டத் தொடங்கிய ஜென்செங் லோ. அதன் வெளிவளையத்தைச் செங்கல் தடுப்புச் சுவர்கள் எட்டாகப் பிரிக்கின்றன. ஒரு பகுதியில் தீப்பிடித்தால் அடுத்ததற்குப் பரவாது. மேல்நாட்டு பாணித் தூண்களும் வார்ப்பிரும்புக் கிராதியும் வைத்துக் கட்டிய மண்டபம் உள்ளே இருக்கிறது. ஓரடுக்கு மரவீடுகள் கூடத் தீக்கு இரையான ஊர்களில் இந்தத் தடுப்புச் சுவர்கள் பெரிய முன்யோசனை.

பின்னர் தென்கிழக்காசிய நாடுகளிலிருந்து பணம் வந்தது. நான்ஜிங் மாவட்டத்தில் ஜியான் குலத்தார் 1909இல் முடித்த ஹுவாய்யுவான் லோவின் நடுமுற்றத்தில் முன்னோர் மண்டபமும் குலப்பிள்ளைகளின் பள்ளியும் ஒன்றாக இருக்கின்றன. சிங்கப்பூர், மலேசியத் தமிழர் வீடுகளிலும் புழங்கும் டைகர் பாம் தைலத்தை உலகெங்கும் பரப்பிய ஆவ் பூன் ஹாவ் ரங்கூனில் 1882இல் பிறந்தவர். அவருடைய பூர்விகம் யோங்திங்கின் ஜோங்ச்சுவான் ஊர். மலையைவிட்டுப் போனவர்கள் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் குலச்சங்கங்கள் அமைத்து, புதிதாகக் கப்பல் இறங்கிய உறவினருக்குத் தங்க இடம் தந்தார்கள். ஊரில் இருந்த பொதுமண்டபத்தின் வேலையை அந்தச் சங்கக் கட்டடங்கள் கடல்தாண்டிச் செய்தன.

1950க்குப் பின்

1950 ஜூன் மாதத்தில் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, முன்னோர் கோயில்கள், மடங்கள், பள்ளிகள் ஆகியவற்றின் பெயரில் இருந்த ஊர்ப்புற நிலத்தை அரசு எடுத்துக்கொள்ள வழிசெய்தது. நிலமற்றவர்களுக்கு நிலம் கிடைத்தது. அதே நாளில் துலோவின் பராமரிப்பு நிதி மறைந்தது. கட்டடம் நின்றது; அதன் பொதுக்கணக்கு முடிந்தது. துலோ வரலாற்றின் நடுப்புள்ளியாக நான் கருதுவது இதையே. இதைத் தவிர்த்துவிட்டு நகரமயமாதலை மட்டும் காரணமாகச் சொல்லும் விளக்கங்கள் பாதி உண்மையையே சொல்கின்றன.

அடுத்த கால் நூற்றாண்டு துலோக்கள் அழியவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கலாம். புதியவையும் எழுந்தன. தியான்லோகெங் மலைச்சரிவில் ஐந்து கட்டடங்கள் கொத்தாக நிற்கும் காட்சி துலோப் படங்களிலேயே மிகுதியாக அச்சானது. அதன் நடுவிலுள்ள சதுரமான புயுன் லோ 1796இல் கட்டப்பட்டுக் கொள்ளையரால் எரிக்கப்பட்டு 1953இல் மீண்டும் எழுப்பப்பட்டது. நீள்வட்டமான வென்சாங் லோ 1966இல்தான் கட்டப்பட்டது. மக்கள்தொகை பெருகியது, செங்கலும் சிமென்ட்டும் கிடைக்கவில்லை, கூட்டுப்பண்ணை ஆட்களை ஒன்றாக வேலைக்கு நிறுத்தியது. குலநிலம் செய்துவந்ததைக் கொஞ்ச காலம் கூட்டுப்பண்ணையின் உழைப்பு செய்தது என்று இதைப் புரிந்துகொள்ளலாம்.

1980களில் கூட்டுப்பண்ணை கலைந்து நிலம் குடும்பப் பொறுப்பானபோது அந்த உழைப்பும் போயிற்று. கையில் காசு வந்த குடும்பம் துலோவுக்கு வெளியே சிமென்ட் வீடு கட்டியது. இளைஞர்கள் சியாமென்னுக்கும் மற்ற கடற்கரை நகரங்களுக்கும் வேலைக்குப் போனார்கள். தம் பங்கு அறைகளை யாரும் விற்கவில்லை, பூட்டிவிட்டுப் போனார்கள். துலோவின் அமைப்பில் பூட்டிய பங்கு அதன் சொந்தக்காரரோடு நிற்பதில்லை. ஒரு பங்கின் ஓடு சரிந்தால் பக்கத்துப் பங்கின் உத்திரம் நனைகிறது.

நுழைவுச்சீட்டு

ஊரார் வெளியேறிய அதே ஆண்டுகளில் வெளியார் துலோவைக் கண்டடைந்தார்கள். சீன வீடுகளைப் பற்றி லியூ துன்ஜென் எழுதி 1957இல் வெளிவந்த நூல் யோங்திங் கட்டடங்களைக் கல்வியுலகின் கவனத்துக்குக் கொண்டுவந்திருந்தது. 1986இல் வெளியான நாட்டுப்புற வீடுகள் அஞ்சல்தலை வரிசையில் ஃபூஜியன் துலோவும் இடம்பெற்றது. எர்யீ லோ 1996இலும், வேறு பல துலோக்கள் 2001இலும் தேசியப் பாதுகாப்புச் சின்னங்களாயின. தியான்லோகெங் 2003இல் நாட்டின் முதல் வரலாற்றுச் சிற்றூர்ப் பட்டியலில் இடம்பெற்றது. துலோ கட்டும் கைத்திறன் 2006இல் தேசியப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பிறகு 2008இல் யுனெஸ்கோ.

இந்த அறிந்தேற்பால் விளைந்த நன்மையைக் குறைத்துச் சொல்லக் கூடாது. பட்டியலில் உள்ள 46 கட்டடங்களின் கூரைக்கு இன்று அரசுப் பணம் வருகிறது. சட்டக் காவல் இருக்கிறது. ஆனால் வருவாயின் வடிவம் மாறிவிட்டது. நுழைவுச்சீட்டு ஊர் எல்லையில் விற்கப்படுகிறது. அதை நடத்துவது சுற்றுலா நிருவாகம். குடியிருப்போருக்கு அதில் ஒரு பங்கு வருகிறது. பார்வையாளர் வாயிலில் நுழைந்து, முற்றத்தில் நின்று, அண்ணாந்து படம் எடுத்து, அரைமணி நேரத்தில் அடுத்த கட்டடத்துக்குப் போகிறார். பெரும்பாலான கட்டடங்களில் மேல்தளத்துக்கு ஏறத் தடை. பழைய மரத்தளம் அந்தப் பாரத்தைத் தாங்காது என்பதால் அது சரியான தடையே. தரைத்தள அடுக்களைகள் தேயிலையும் நினைவுப்பொருளும் விற்கும் கடைகளாகின்றன. மேலே இருக்கும் நூறு அறைகளுக்கு எந்த வேலையும் இல்லை.

திரைப்படங்களும் தம் பங்குக்கு ஊரை மாற்றின. ஹுவாய்யுவான் லோ இருக்கும் சாங்ஜியாவ் ஊரில் எடுத்த படம் 2006இல் புகழ்பெற்றதும், ஊருக்கே அந்தப் படத்தின் பெயரான யுன்ஷுய்யாவ் என்பது வழங்கலாயிற்று. 2020இல் வந்த முலான் படம் வடசீனக் கதைநாயகியைத் துலோவில் குடிவைத்தது. துலோவோடு எந்தத் தொடர்புமில்லாத அந்தக் கதையின் பார்வையாளர்களுக்கு, இது ஒரு குலத்தின் கூட்டுவீடு என்று யாராவது எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

தங்க வரும் குழுக்கள்

இந்நிலையில் துலோவுக்கு வந்து தங்கும் குழுக்கள் மூன்று வகை.

முதலாவது உறவினர். உலக ஹக்கா மாநாடு 1971இல் ஹாங்காங்கில் தொடங்கியது. அதன் 16ஆவது கூட்டம் 2000இல் லோங்யானில், அதாவது யோங்திங் அடங்கிய கோட்டத்திலேயே நடந்தது. தாய்வான், இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து முன்னோர் மண்டபத்தைத் தேடி வருவோர் குழுவாகவே வருகிறார்கள். யோங்திங்கின் ஹூகெங்கில் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை லி குலத்தார் நடத்தும் பெருவிழாவின்போது போனவர்கள் எல்லோரும் திரும்புகிறார்கள். இவர்களின் வருகை ஆண்டு முழுவதும் நிகழ்வதில்லை. ஆனால் மண்டபத்துக்கு அதன் பழைய வேலையைத் திரும்பத் தருபவர்கள் இவர்களே.

இரண்டாவது ஓவிய மாணவர். சீனக் கலைக்கல்லூரிகளில் மாணவரை ஆசிரியரோடு ஊர்ப்புறத்துக்கு அனுப்பிப் பல நாள் தங்கி வரையச் செய்வது பாடத்தின் பகுதி. இவர்களுக்குச் சொகுசு அறை வேண்டாம். நடையில் அமர்ந்து வரைகிறார்கள், முற்றத்தில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள், ஊர்ப்பெண்கள் சமைத்துப் போடுகிறார்கள். துலோ எதற்காகக் கட்டப்பட்டதோ அதே விதத்தில் அதைப் புழங்குவோர் இவர்கள்தான்.

மூன்றாவது பள்ளிப்பிள்ளைகள். 2016 இறுதியில் சீனக் கல்வி அமைச்சகமும் வேறு பத்துத் துறைகளும் சேர்ந்து, தொடக்க, நடுநிலைப் பள்ளி மாணவர் குழுவாக வெளியூர் சென்று தங்கிக் கற்பதைப் பள்ளிக் கல்வியின் அங்கமாக்க அறிவுறுத்தின. அதன்பின் பாரம்பரிய ஊர்கள் பலவும் இந்தக் குழுக்களை வரவேற்கத் தயாராகின. நிலச்சட்டமும் இதற்கு இடம் தந்தது. சீனாவில் ஊர்ப்புற மனைக்கட்டு கூட்டுடைமை; வெளியாருக்கு விற்க முடியாது. 2018இல் மத்தியக் குழுவின் முதல் ஆவணம் உடைமை, தகுதி, பயன்பாடு ஆகிய உரிமைகளைத் தனித்தனியாகப் பிரிப்பதை முன்வைத்தது. 2020 தொடக்கத்தில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டம் பயனின்றிக் கிடக்கும் மனைகளையும் வீடுகளையும் பயன்படுத்துவதை ஊக்குவித்தது. பூட்டிக் கிடக்கும் பங்கைச் சொந்தம் இழக்காமல் பயன்பாட்டுக்கு விடலாம் என்ற நிலை இவ்வாறு உருவானது.

தனி விடுதி அறைகளைவிடக் குழுத் தங்கல் இந்தக் கட்டடத்துக்கு ஏற்றது என்று நான் வாதிடுவதற்குக் காரணம் நீர்தான். துலோவின் அறைகளில் கழிப்பறை கிடையாது; முன்பு நடையில் வைத்த பானைகளே பயன்பட்டன. ஒவ்வொரு விடுதி அறைக்கும் இணைந்த குளியலறை வேண்டுமென்றால் மூன்றாம் தளத்து மரத்தரையில் குழாய் இழுக்க வேண்டும், மண்சுவரைத் துளைக்க வேண்டும், கசிவுக்குச் சிமென்ட் பூச வேண்டும். சிமென்ட் பூச்சு ஈரத்தை வெளியே விடாமல் சுவருக்குள் தேக்கும். கட்டடத்துக்கு வெளியே பொதுவான குளியலறைத் தொகுதி ஒன்று கட்டினால் இந்தச் சேதம் எதுவும் இல்லை. அதை ஏற்கக்கூடியவர்கள் குழுவாக வருவோர் மட்டுமே. தனியாக வரும் சுற்றுலாப் பயணி இரவில் படியிறங்கி வெளியே போகச் சம்மதிப்பது அரிது.

தீ அடுத்த கேள்வி. நூறு பேர் உறங்கும் மரக்கட்டடத்துக்கு ஒரே வாயில் என்பது இன்றைய தீயணைப்பு விதிகளோடு ஒத்துப்போவதில்லை. ஜென்செங் லோவைப் போலத் தடுப்புச் சுவர் உள்ளவற்றில் ஒரு பகுதியை மட்டும் திறக்கலாம். படிக்கட்டு அருகிலுள்ள அறைகளுக்கும் கீழ்த்தளங்களுக்கும் தங்குவோரை வரையறுக்கலாம். ஜிச்சிங் லோவில் உள்ளதுபோல் நிறையப் படிக்கட்டு கொண்ட கட்டடங்கள் இதில் நல்ல நிலையில் உள்ளன. அங்கே 72 படிக்கட்டுகள் உண்டு. பொதுநடை உள்ள ஹக்கா வகை மாணவர் குழுவுக்குப் பொருந்தும். எர்யீ லோ வகையில் தனிப்படிக்கட்டு இருப்பதால் ஒரு குடும்பக் கூட்டமோ சிறு குழுவோ ஒரு வீட்டை முழுவதுமாக எடுத்துக்கொள்ளலாம். எல்லாத் துலோவுக்கும் ஒரே திட்டம் என்பது தவறு.

லாய் சீ வோ காட்டும் வரிசை

ஹாங்காங்கின் வடகிழக்கு மூலையில் லாய் சீ வோ என்ற மதிலூர் இருக்கிறது. துலோ இல்லை என்றாலும் இதுவும் ஹக்கா மக்களின் கூட்டுக் குடியிருப்பே. 200க்கும் மேற்பட்ட வீடுகள் வரிசை வரிசையாக மதிலுக்குள் நிற்கின்றன. நகரத்துக்கும் பிரிட்டனுக்கும் ஆட்கள் பெயர்ந்து ஊர் ஏறக்குறைய வெறிச்சோடியது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரும் ஊர்வழிபாட்டுக்கு மட்டும் அனைவரும் கூடுவார்கள். 2013இல் ஹாங்காங் பல்கலைக்கழகம் ஊராரோடு சேர்ந்து முதலில் கையிலெடுத்தது வயலை, வீட்டை அன்று. தரிசாகக் கிடந்த வயல்களுக்கு நீர் திரும்பியது, நெல் விளைந்தது, வயல் வேலைக்கு வந்தோர் ஊரில் தங்க நேர்ந்தது. அதன் பிறகே வேறோர் அறக்கட்டளை பழைய வீடுகளைச் செப்பனிட்டு, வருவோர் தங்கி ஹக்கா வாழ்க்கையைப் பழக இடம் செய்தது. 2020இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் பாரம்பரிய விருதுகளில் நீடித்த வளர்ச்சிக்கான சிறப்பு அறிந்தேற்பு இந்த ஊருக்குக் கிடைத்தது.

இங்கே கவனிக்க வேண்டியது வரிசை. முதலில் வேலை, பிறகு ஆள், அதன்பின் தங்கல். ஃபூஜியனில் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது: முதலில் விடுதி, பிறகு விளம்பரம், கடைசியில் வேலையும் ஊராரும் இல்லாத ஓர் அலங்காரக் கட்டடம். யோங்திங்கில் இன்னும் புகையிலை விளைகிறது, நான்ஜிங்கிலும் ஹுவா-ஆனிலும் தேயிலை விளைகிறது. தங்க வரும் குழு அந்த அறுவடையில் கைகொடுத்தால், முற்றத்தில் உலர்த்தும் தட்டுகளுக்கு மீண்டும் இடம் உண்டாகும்.

குலமே இல்லாமல் வடிவத்தை மட்டும் எடுத்துக்கொண்ட சோதனையும் நடந்தது. அர்பனஸ் கட்டடக் கலைக் குழு குவாங்தோங் மாகாணத்தின் நான்ஹாயில், குறைந்த வருவாயுள்ள நகரத் தொழிலாளருக்காக வட்டத் துலோ வடிவில் ஒரு வாடகைக் குடியிருப்பை 2008இல் கட்டி முடித்தது. சிறு அறைகள், பெரிய பொதுவெளி என்ற கணக்கு அங்கே சரியாகவே எடுக்கப்பட்டது. ஆனால் வந்து போகும் வாடகைதாரர்களுக்கு முற்றத்தின் மீது முடிவெடுக்கும் உரிமை இல்லை. முற்றம் இருந்தது, அதை ஆளும் கூட்டம் இல்லை. உண்மையான துலோக்களிலும் பங்காளிகளை ஒதுக்கிவிட்டு ஒரு நிறுவனம் மட்டும் குழுத் தங்கலை நடத்தினால் இதே கதைதான் நேரும்.

பட்டியலுக்கு வெளியே

இறுதியாக எண்ணிக்கை பற்றி ஒரு செய்தி. துலோ என்பதைக் கண்டிப்பாக வரையறுத்தால் சுமார் 3,000 கட்டடங்கள் தேறும் என்பது ஹுவாங் ஹான்மின் போன்றோரின் கணிப்பு. மண்சுவர்க் கட்டடங்கள் அனைத்தையும் சேர்க்கும் உள்ளூர்க் கணக்கு 20,000ஐத் தாண்டுகிறது. எந்தக் கணக்கை எடுத்தாலும் 46 என்பது மிகச் சிறு பகுதி. நுழைவுச்சீட்டுப் பணம் எட்டாத மற்றவற்றுக்கு ஓடு புரட்டும் செலவு யாருடையது என்ற கேள்வி 1950 முதல் விடையின்றி நிற்கிறது.

நுழைவுச்சீட்டுக்குத் தேவைப்படுவது துலோவின் தோற்றம். தனி விடுதிக்குத் தேவைப்படுவது அதன் அறை. குழுத் தங்கல் ஒன்றுக்குத்தான் வாயில், முற்றம், நடை, மண்டபம் அனைத்தும் ஒருசேரத் தேவைப்படுகின்றன. ஆகவே அதன் வருவாயில் ஒரு பங்கு அறை தந்த குடும்பத்துக்கும், மற்றொரு பங்கு கட்டடத்தின் பெயரிலான பொதுக்கணக்குக்கும் போக வேண்டும். அந்தக் கணக்கு எல்லாப் பங்காளிகளுக்கும் திறந்து காட்டப்பட வேண்டும். பழைய குலநிலத்தைப் போல வலியவர் நாலு பேர் கைக்குள் போய்விடக் கூடாது. இதற்குச் சட்டத்தில் தடையில்லை. தடை நடைமுறையில் இருக்கிறது: ஒரு வட்டத் துலோவின் உத்திரத்தை மாற்ற ஒப்புதல் தர வேண்டியவர்களில் ஒருவர் சியாமென்னில், ஒருவர் ஜகார்த்தாவில், இன்னொருவரின் பேரப்பிள்ளைகள் சிங்கப்பூரில். அவர்களின் பங்கு எது, வாரிசு யார், அவர்கள் சார்பில் ஊரில் கையெழுத்திடுபவர் யார் என்ற பதிவேட்டைக் கட்டடம் கட்டடமாக எழுதி முடிப்பதே முதல் வேலை. முதியவர்கள் இருக்கும்போதே அதைச் செய்ய வேண்டும். எந்த அடுக்களை யார் பங்கு என்று அவர்களுக்குத்தான் தெரியும்.